வலது பக்கம் மட்டும் ஏன் பிரிகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். தீபாவளிக்கு எடுத்த குர்தி. கடைவீதியில் ஏ.சி. போட்ட மூன்று மாடிக் கடையில் எடுத்ததாம். மூன்றாவது துவைப்பில், சைடு ஓப்பன் இருக்கும் இடத்திலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டுவிட்டது. துணி எங்கும் கிழியவில்லை. உள்பக்கம் ஓவர்லாக் நூல் மட்டும் ஏணிப்படி மாதிரி பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. "வலது பக்கம் மட்டும் இப்படி. இடது பக்கம் போட்டது போட்டபடி இருக்கிறது. எங்கம்மாவின் ஜாக்கெட் ஒன்று இருபது வருஷமாக உழைக்கிறது. இப்போது பெண்களுக்கு வரும் ரெடிமேட் எல்லாம் ஏன் இப்படி ஆகிவிட்டது? இதில் அறிவியல் ஏதாவது உண்டா, அல்லது நான் ஏமாந்தேனா?" என்று கேட்கிறார்.

இரண்டும்தான் அம்மா. இந்த வாரம் கருந்துளை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். 'வலது பக்கம் மட்டும்' என்று எழுதினீர்களே, அது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

தையல் மிஷினை நான் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாதி வீடுகளில் மூலையில் துணி போர்த்தி, மேலே டி.வி. ரிமோட்டும் மாத்திரை டப்பாவும் வைத்து ஒன்று நிற்கிறது. மேலே ஊசியில் ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும் இந்தத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் அசையாது. பூக்காரம்மா கட்டிய சரம் மாதிரி: ஒரு முடிச்சு போனால் இரண்டு மல்லி உதிரும், சரம் நிற்கும்.

இன்னொரு வகைத் தையல் உண்டு. அதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், தையல் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பது அதுதான்.

எங்கள் வீட்டில் மூட்டை பிரிப்பது அம்மாயியின் உரிமை. அப்பா கத்தரிக்கோலோடு வந்தால் திட்டு விழும். அம்மாயி மூட்டையின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். ஒரு பக்கம் நூல் கோடு கோடாக ஓடும், மறுபக்கம் சங்கிலி மாதிரி பின்னியிருக்கும். இரண்டு ஓரத்திலும் நூல்வால் தொங்கும். சரியான வாலைக் கண்டுபிடித்து, முதல் கண்ணியை நகத்தால் நெம்பிவிட்டு இழுப்பாள். சர்ர்ரென்று மூட்டையின் வாய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்துகொள்ளும். தப்பான வாலை இழுத்தால் எத்தனை பலசாலி இழுத்தாலும் இறுகுமே தவிரப் பிரியாது. பிரித்த நூலை விரலில் சுற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவைப்பாள், முறுக்குப் பொட்டலம் கட்ட. நான் பார்த்த முதல் மாயாஜாலம் அதுதான். பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தும் அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை; பிற்பாடு நானாகத் தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான். மூட்டை தைக்கும் மிஷினில் பாபின் கிடையாது. ஊசி ஒரே ஒரு நூலோடு துணிக்குள் இறங்கி, அடியில் ஒரு சுருக்கு விட்டுவிட்டு மேலே போகிறது. அடியில் ஒரு கொக்கி அந்தச் சுருக்கைப் பிடித்து வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. அடுத்த முறை ஊசி இறங்கும்போது அந்தத் திறந்த சுருக்குக்குள்ளேயே இறங்கிப் புதுச் சுருக்கை விடுகிறது. இப்படி ஒவ்வொரு சுருக்கையும் அதற்கு அடுத்த சுருக்கு உள்ளே நுழைந்து பிடித்து நிறுத்துகிறது. கடைசிச் சுருக்கைப் பிடிக்க மட்டும் ஆளில்லை. அங்கே இழுத்தால் அது வழுக்கி வரும், அதற்கு முந்தியது அனாதையாகும், அதுவும் வரும். ரிப்பன் அவிழ்ந்த சடையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்துதான் அவிழும், உச்சந்தலையிலிருந்து அவிழாது. தொடங்கிய முனை பத்திரம், முடித்த முனை ஆபத்து. சங்கிலித் தையலின் ஜாதகமே இவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், நடைமுறைக்கு வந்த முதல் தையல் மிஷின் தைத்ததே இந்தத் தையலைத்தான். பிரான்ஸில் பார்த்தலமி திமோனியே என்ற ஏழைத் தையல்காரர் 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் 80 மிஷின் வைத்து ராணுவத்துக்குச் சீருடை தைக்கத் தொடங்கினார்கள். மறு வருஷமே மற்றத் தையல்காரர்கள் கூட்டமாக வந்து அத்தனையையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள், தங்கள் பிழைப்பு போய்விடும் என்று. திமோனியே 1857-இல் வறுமையில் செத்தார். அதே வருஷம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் கிப்ஸ் என்கிற விவசாயி, ஒற்றை நூல் சங்கிலித் தையலுக்குச் சுழலும் கொக்கி ஒன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். யோசனையைத் தொடங்கியபோது கிப்ஸ் தையல் மிஷினை நேரில் பார்த்திருக்கவில்லை. ஒரு பத்திரிகையில் வந்த படத்தைத்தான் பார்த்தார். படத்தில் பலகைக்கு மேலே உள்ள பாதிதான் தெரிந்தது. அடியில் என்ன நடந்தால் மேலே இப்படி நடக்கும் என்று யோசித்து யோசித்து, தெரியாத பாதியைத் தானாகவே செய்துவிட்டார். சிங்கரின் கதை ஊருக்கே தெரியும். எனக்குப் பிடித்தவர் கிப்ஸ்தான்.

சரி, இத்தனை எளிதில் பிரியும் தையலை யார் விரும்புவார்கள்? தொழிற்சாலை விரும்பும். காரணம் பாபின். வீட்டில் பாபின் நூல் தீர்ந்தால் 'ச்சை' என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொள்கிறோம். நாள் முழுக்க நிமிஷத்துக்கு 4,000 தையல் ஓட்டுகிற இடத்தில் பாபின் தீரும்போதெல்லாம் மிஷின் நிற்க வேண்டும். சங்கிலித் தையலுக்கு எல்லா நூலும் பெரிய கோனிலிருந்து நேராக வருகிறது. நிறுத்தவே வேண்டாம். இத்தனைக்கும் இதற்கு நூல் அதிகம் பிடிக்கும். பாபின் தையலுக்கு ஓர் அங்குலத்துக்குச் சுமார் இரண்டரை அங்குல நூல் போதும். உடைகளுக்குப் போடும், அடியில் இன்னொரு நூலும் சேர்ந்த இரட்டை நூல் சங்கிலிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆக, கஞ்சத்தனம் நூலில் இல்லை. இந்த வியாபாரத்தில் நூல் மலிவு, நிமிஷம்தான் விலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் ரெடிமேடின் எல்லாக் குறைகளும் வரிசையாகப் புரிய ஆரம்பிக்கும்.

இனி உங்கள் குர்தி. அதன் பக்கத் தையல் அரிசி மூட்டைபோல ஒற்றை நூல் அல்ல. ஒரே மிஷின் ஒரே ஓட்டத்தில் இரட்டை நூல் சங்கிலி ஒன்றையும், அதற்கு வெளியே ஓரம் பிசிறாமல் ஓவர்லாக்கையும் போட்டுவிடுகிறது. மொத்தம் ஐந்து நூல். முடித்த முனையிலிருந்து பிரியும் குணம் மட்டும் இந்தச் சங்கிலிக்கும் அதேதான். தைத்துக்கொண்டே பக்கத்தில் ஒரு கத்தி ஓரத்து உபரித் துணியை நறுக்கித் தள்ளுகிறது. அந்தக் கத்தி தைப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்கிறது. அதனால் துணியின் ஓரம் எப்போதும் வலப்பக்கம், மற்றதெல்லாம் இடப்பக்கம். இப்போது கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். முன்துணி மேலே, பின்துணி கீழே என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். புரட்டிப் போட நேரமில்லை. முன்துணி மேலே இருக்கும்படியே இரண்டு பக்கத்தையும் தைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஒரு பக்கத்தை அக்குளில் தொடங்கி ஓப்பனில் முடிக்க வேண்டும், மறு பக்கத்தை ஓப்பனில் தொடங்கி அக்குளில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேசைமேல் ஒரு பழைய டாப்பை விரித்து வைத்தும் பார்த்தேன். அணிகிறவரின் வலது பக்கம்தான் ஓப்பனில் முடிகிறது. முடித்த முனை, ஆபத்தான முனை, உட்காரும்போதும் ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடும்போதும் இழுபடுகிற இடத்திலேயே வந்து தொங்குகிறது. இடது பக்கத்தில் அதே இடத்தில் இருப்பது தொடங்கிய முனை. தப்பான வாலை இழுத்த மூட்டை மாதிரி அது அசையாது. (பின்துணியை மேலே வைத்துத் தைக்கும் கம்பெனியில் இடம் வலம் மாறும். அப்படிப் பிரிந்தவர்களும் எழுதுங்கள்.)

இதற்கு வைத்தியம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்த முனையில் ஊசியை முன்னும் பின்னுமாக நான்கு தையல் ஓட்டி அடைத்தால் போதும். இன்னும் நன்றாகச் செய்ய, குறுக்கே நெருக்கமாக ஒரு சின்னப் பட்டை போடுவார்கள், பார்டாக் என்று. உங்கள் ஜீன்ஸ் பாக்கெட்டின் ஓரத்தில் இருக்கிறதே, அது. அதற்கென்று தனி மிஷின், தனி ஆள், கூட சில நொடிகள். அந்தச் சில நொடிகள்தான் உங்கள் குர்தியில் இல்லை.

திருப்பூரில் ஒரு சின்ன பவர் டேபிள் தையல் கூடத்தில் ஒரு முழுநாள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். அங்கே பாபின் மிஷினுக்குப் பெயரே 'சிங்கர்', அது எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், கைமடி ஆள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. காலையில் வந்த ஆர்டரில் ஓப்பனுக்குப் பார்டாக் உண்டு. மத்தியானம் ஓடிய ஆர்டரில் கிடையாது. தைத்தவர் அதே அக்காதான். காலையில் நேர்த்தியாக முடித்த கை மத்தியானம் வாலை அப்படியே நறுக்கிவிட்டு அடுத்த பீஸை எடுத்தது. "இதுக்கு அது இல்லீங்க, ரேட்டு அவ்வளவுதானுங்க" என்றார், சலனமே இல்லாமல். ரெடிமேட் மோசமானதும் நாம் 'இப்பல்லாம் எவனுக்கும் தைக்கத் தெரியல' என்கிறோம். தைக்கத் தெரியும். எத்தனை நொடி தைக்கலாம் என்பதை முடிவு செய்கிறவர் வேறெங்கோ இருக்கிறார்.

அந்தக் கை சேமிக்கும் இன்னொரு நொடியை நீங்களே ஸ்கேல் வைத்து எண்ணலாம். என் பீரோவில் இருந்த பழைய ஜாக்கெட்டில் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் இருந்தது. போன வருஷம் எடுத்த டாப்பில் எட்டு. நிமிஷத்துக்கு 4,000 தையல் போடும் மிஷின், பன்னிரண்டு வீதம் தைத்தால் 333 அங்குலம் ஓடும். எட்டு வீதம் என்றால் 500 அங்குலம். அதே ஆள், அதே கூலி, ஒன்றரை மடங்கு ஓட்டம்.

அம்மாவின் ஜாக்கெட் இருபது வருஷம் வந்ததற்கு இன்னொரு காரணம் அதன் உள்ளே ஒளிந்திருக்கிறது. தெருமுனைத் தையல்காரர் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு விரற்கடைக்கு மேல் துணி விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் ஓட்டியிருப்பார். பிள்ளை பெற்றால் ஒரு தையல் பிரிக்க, நாற்பது வயதானால் இன்னொன்று பிரிக்க. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு முன்கூட்டியே இடம் விட்டுத் தைத்த உடை அது. ஓவர்லாக் கத்தி விட்டுவைப்பது கால் அங்குலம். போன மாதம் எங்கள் தெருத் தையல்காரரிடம் ஒரு ரெடிமேட் டாப்பைக் கொடுத்து, "கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்கண்ணா" என்றேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையே சந்தேகமாகப் பார்த்தார். "பிரிக்கறதுக்கு இதுல துணி எங்கிருக்குதுங்க அம்மிணி?"

ஒற்றை நூல் சங்கிலி உடையில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டன் தைக்கும் மிஷின் பெரும்பாலும் அதையே போடுகிறது. புதுச் சட்டையில் பட்டனுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஆசையாக இழுத்தவர்களுக்கு மீதி தெரியும். பலாசோ, ஃபார்மல் பேன்ட் ஆகியவற்றின் கால்மடிப்பில், வெளியே தெரியாமல் துணியை லேசாகக் கொத்திக்கொண்டு போகும் மறைதையலும் ஒற்றை நூல்தான். ஒரு பெண்கள் கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். மேடைப் படியில் கால் வைக்கும்போது மெட்டி அந்த நூலில் மாட்டியது. நான் கவனிக்காமல் இன்னொரு படி ஏறினேன். அம்மாயி மூட்டை பிரித்த அதே சர்ர்ர் சத்தம். கால்மடிப்பு முழுவதும் இறங்கி, நடந்தால் மிதிபடும் நீளத்துக்கு வந்துவிட்டது. ஓர் உதவிப் பேராசிரியை அலுவலக அறையிலிருந்து ஸ்டேப்ளர் கொண்டுவந்து ஒன்பது பின் அடித்துக் காப்பாற்றினார். அன்றைக்கு என் தலைப்பு 'நம்மைச் சுற்றியுள்ள இயந்திரங்கள்'.

துணியையும் கொஞ்சம் பேசியாக வேண்டும். குர்திகளில் இப்போது நிறைய ரேயான். குளுமையாக விழும், சாயம் பளிச்சென்று ஏறும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பருத்தி நனைந்தால் பலம் கூடும். ரேயான் நனைந்தால் ஏறத்தாழ பாதிப் பலத்தை இழந்துவிடும். கல்லில் அடித்துத் துவைக்கும் பழக்கம் பருத்தியோடு பிறந்தது. ரேயானை அப்படி அடிப்பது காய்ச்சல்காரனை ஓட விடுவதற்குச் சமம். இதைத் துவைக்கும் முறைச் சீட்டில் ஒரு வாளிப் படமும் ஒரு முக்கோணமும் போட்டுச் சொல்லிவிட்டதாகக் கம்பெனி நினைத்துக்கொள்கிறது. பனியன் துணி டாப் துவைத்ததும் பக்கத் தையல் நழுவித் தொப்புளை நோக்கி வருகிறதே, அது நூல் முறுக்கின் கோளாறு. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

இந்தப் புலம்பல் நம் ஊரோடு முடிவதும் இல்லை. இங்கிலாந்தில் கடைவீதிக்கு ஹை ஸ்ட்ரீட் என்று பெயர். அங்கேயும் பெண்கள் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை 1930களிலேயே துணியைச் சோதிக்கத் தனி ஆய்வகம் வைத்திருந்தது. தன் உடைகளில் பெரும்பகுதியை 1990கள்வரை உள்நாட்டிலேயே தைத்து வாங்கியது. இன்னொரு பக்கம், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று பணக்கார நாடுகள் 1974 முதல் கோட்டா போட்டு வைத்திருந்தன. அந்த ஏற்பாடு 2004 கடைசியில் முடிந்தது. அப்புறம் ஆர்டர்கள் விலை குறைந்த இடம் தேடி ஓடின, இடம் கிடைத்ததும் அதற்கும் குறைந்த இடம் தேடின. பீஸ் விலையைக் குறைக்க ஒவ்வொருவரும் நொடிகளைச் சுரண்டினார்கள், பிறகு கூலியை, கடைசியில் கட்டடத்தை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில் ராணா பிளாசா இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். 1,134 பேர் செத்தார்கள். மேலைநாட்டுக் கடைவீதிகளுக்கான உடைகள்தான் அங்கே தைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மலிவான குர்தியின் கதையில் இதை எழுதாமல் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'அந்தக் காலத்துத் துணி' என்று நாம் காட்டுவது பிழைத்து வந்ததை மட்டும்தான். அம்மாவின் மற்ற ஜாக்கெட்டுகள் எப்போதோ கரித்துணியாகி, அடுப்படியில் உழைத்துச் செத்துப் போயின. அதே மாதிரி, விலை கூடினால் தையல் நன்றாக இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். நாலாயிரம் ரூபாய்க் குர்தியிலும் அடைக்காத வாலைப் பார்த்திருக்கிறேன். கடையில் சாயத்தையும் எம்பிராய்டரியையும் பார்க்கும் நாம், அதே இடத்தில் உடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதற்கு ஏனோ கூச்சப்படுகிறோம். வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்காத ஊர் இது.

ஈரோட்டுச் சகோதரிக்கு: குர்தியைத் தூக்கிப் போட வேண்டாம். துணி நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தொங்கும் நூலை இழுக்காதீர்கள், ஒரு ஊசியால் அதைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். பிறகு பக்கத்துத் தையல்காரரிடம் கொண்டுபோய், அக்குளிலிருந்து ஓப்பன்வரை பழைய கோட்டின் மேலேயே ஒரு பாபின் தையல் ஓட்டி, ஓப்பனில் முன்னும் பின்னும் அடைக்கச் சொல்லுங்கள். ஒரு காபிக் காசு வாங்குவார். இடது பக்கத்தையும் கொடுத்துவிடுங்கள். அங்கே ஓப்பனில் ஆபத்தில்லை, ஆனால் அந்தப் பக்கத்தின் வால் அக்குள் பக்கம் போய் முடிந்திருக்கிறது. கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்கும் இடம் அது.

கொடுக்கும்போது உள்பக்கம் திருப்பியே கொடுங்கள். அவருக்கு ஒரு நிமிஷம் மிச்சமாகும்.